ஒல்லியா, அகலமா

நார்வேக்காரர் ஒருவர் பனிச்சறுக்கு மட்டை வாங்குவது வெறும் கொள்முதல் அல்ல. முன்னோருக்குச் செய்யும் கடமை. அந்தக் கடமையை ஹல்வார்ட் இரண்டு மணி நேரமாகக் கடையில் செய்துகொண்டிருந்தார். ஈஸ்டர் விடுமுறைக்கு மலையேறும் கடைசி பஸ் கிளம்ப இருபது நிமிடம்தான் இருந்தது. அதில் போகவேண்டியவள் விற்பனைப் பெண் சிக்ருன்.

“ஒல்லியா இருந்தா தூரம் போகலாங்க. அகலமா இருந்தா, இறங்கறப்ப முழங்காலை மடக்கித் திரும்பத் தோது,” என்றாள், பத்தாவது முறையாக.

“ரெண்டும் வேணும்மா. முழங்காலை மடக்கித் திரும்பற அந்த டெலிமார்க் திருப்பம் எங்க பரம்பரை ரத்தத்துல ஊறினது.”

“அப்ப இந்த நடுத்தரம் எடுத்துக்குங்க.”

“போன வருஷமும் இதைத்தான் குடுத்தே. அகலம் பத்தலை.”

“பனியில புதைஞ்சுதா? திரும்பறப்ப வழுக்குச்சா?”

ஹல்வார்ட் மட்டையின் உலோக விளிம்பைத் தடவினார்.

வாசலோரம் உட்கார்ந்திருந்த அவர் மனைவி ஓஸ்ஹில்ட் கொட்டாவி விட்டாள்.

“இருக்கறதுலயே அகலமானதைக் கட்டிக் குடுத்துட்டு நீ பஸ்ஸைப் பிடிம்மா. மலை வீட்டு வாசல்ல அதைப் பனியில நட்டு, சாஞ்சு உக்காந்து, நாலு நாளும் ஆரஞ்சு உரிப்பார். போன வருஷத்தது முதுகுல உறுத்துச்சு.”