மூன்று மணி நேரம் மிதிக்கக் கூடாது

மெஷினை நிறுத்தியபோது நான் படுக்கையறை ஜன்னலடியில் நின்றிருந்தேன். எனக்கும் கதவுக்கும் நடுவில் அறை முழுக்க ஈரக் கம்பளம்.

கம்பளம் கழுவுகிற நாங்கள் உள்சுவரில் தொடங்கி, பின்பக்கமாகவே நகர்ந்து, கதவு வழியாக வெளியே வந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் மூலையில் மாட்டிக்கொள்வோம்.

இன்று நான் கதவில் தொடங்கினேன்.

பதினோரு வருட அனுபவம். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளில்கூட இப்படிச் செய்ததில்லை. ஏதோ ஞாபகத்தில் செய்துவிட்டேன் என்றால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். நம்ப வேண்டாம்.

கட்டிலில் என் அண்ணன். இரண்டு கால்களையும் மேலே மடித்து வைத்துக்கொண்டு, செய்தித்தாளால் முகத்தை மறைத்திருந்தான். கூடப்பிறந்த தங்கை என்னோடு அவன் பேசியும் பதினோரு வருடம் ஆகிறது.

நாளை மறுநாள் இந்த வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, அண்ணனும் அண்ணியும் கடல் தாண்டி மகனிடம் போகிறார்கள். திரும்பி வரும் எண்ணமில்லை. சாவியைக் கொடுக்கும்போது கம்பளம் சுத்தமாக இருக்க வேண்டும் என்று வீட்டின் சொந்தக்காரர் சொல்லியிருக்கிறார். ஊரில் இந்த வேலைக்கு இன்னும் நான்கு பேர் இருக்கிறார்கள். அண்ணி கூப்பிட்டது என்னை.

நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவன் எழுந்து படுக்கையறைக்குள் போய்விட்டான். ஹாலை முடித்துவிட்டு, "அண்ணனைக் கொஞ்சம் வெளிய வரச் சொல்லுங்க அண்ணி" என்றேன்.

அண்ணி போய்க் கேட்டுவிட்டு வந்தாள்.

"கழுவுறவங்க கழுவட்டும், நான் என்ன குறுக்கயா நிக்கிறேன்னு கேக்குறார்."

அப்படியா சங்கதி! கழுவிவிட்டால் போச்சு.

இந்தப் பள்ளத்தாக்கைச் சுற்றி மூன்று பக்கமும் மொட்டை மலை. மழை எப்போதாவது எட்டிப் பார்க்கும். ஜன்னலை எவ்வளவு இறுக்கிச் சாத்தினாலும் மாவு போன்ற தூசி உள்ளே வந்து, கம்பளத்தின் அடிவரை இறங்கி உட்கார்ந்துகொள்ளும். முதல் இழுப்பிலேயே மெஷினுக்குள் சேறுதான் வந்தது. நான் தலை நிமிராமல், கதவோரத்திலிருந்து கட்டிலை நோக்கி வரிசை வரிசையாகக் கழுவிக்கொண்டே போனேன். கட்டிலுக்கு அடியில்கூட விடவில்லை. நானும் மெஷினும் நிற்க ஜன்னலடியில் துளி இடம் மட்டும் மிச்சம் வைத்தேன். அவன் செய்தித்தாளை இறக்கிப் பார்த்தபோது காரியம் கைமீறிப் போயிருந்தது.

வாசற்படியில் வந்து எட்டிப் பார்த்த அண்ணியிடம் அவன் காதில் விழும்படி சொன்னேன்.

"மூணு மணி நேரம் யாரும் கால் வைக்கக் கூடாது அண்ணி. மிதிச்சா தடம் விழுந்துரும். அப்புறம் மொதல்லேர்ந்து கழுவணும்."

அண்ணி என்னைப் பார்த்தாள். கட்டிலைப் பார்த்தாள். வந்த சிரிப்பை விழுங்கிக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள்.

மூன்று மணி நேரமாவது ஒன்றாவது! இந்த ஊர்க் காற்றில் ஈரத் துண்டு அரை மணியில் விறைத்துப்போகும். மெஷின் உறிஞ்சியெடுத்த கம்பளம் ஒரு மணி நேரம் தாங்கினாலே அதிகம். ஜன்னலை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றேன், காற்று வராமல் இருக்கட்டும் என்று. என் முதுகு எந்த மூலைக்கு?

பேசுடி, பேசுடி என்று மனசு அடித்துக்கொண்டது. கை மெஷின் குழாயைத் துடைத்துக்கொண்டிருந்தது.

தப்பு என்னுடையதுதான். என் கணவர் இறந்த அடுத்த மாதம் அண்ணன் வந்து, எங்களோடு வந்துவிடு என்றான். நான் அப்போதுதான் இந்த வேலையில் சேர்ந்திருந்தேன். துக்கமும் ரோஷமும் சேர்ந்துகொள்ள, உன் வீட்டில் தண்டச்சோறு தின்பதைவிட ஊரார் அழுக்கைக் கழுவிப் பிழைப்பேன் என்று பத்துப் பேர் முன்னால் சொல்லிவிட்டேன். அவன் செருப்பை மாட்டிக்கொண்டு போனான். அன்றைய அவன் முகத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்காது.

ஈரத்தில் கம்பளம் கறுத்துக் கிடந்தது. காயக் காயத்தான் அதன் சிவப்பு தெரியும். கதவோரம் ஒரு சாண் சிவந்தது. பிறகு ஒரு முழம். அந்தச் சிவப்பு, கட்டிலை நெருங்கியபோது வாயைத் திறந்தேன்.

"அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுண்ணா."

அவன் பக்கத்தைப் புரட்டினான்.

அவ்வளவுதான். எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. தூசி விழுந்துவிட்டது என்று சமாளிக்கவும் வழியில்லை. இருந்த தூசியையெல்லாம் இப்போதுதான் எடுத்திருக்கிறேன்.

சிவப்பு, கட்டில் காலைத் தாண்டி என் பக்கம் வந்து சேர்ந்தது. அறை முழுவதும் காய்ந்துவிட்டது.

"என்னங்க, காஞ்சிருச்சா? சாப்பிட வர்றீங்களா?" சமையலறையிலிருந்து அண்ணி கேட்டாள்.

அண்ணன் செய்தித்தாளை மடித்து வைத்தான். குனிந்து, உள்ளங்கையைக் கம்பளத்தில் அழுத்தித் தேய்த்தான். கையைத் திருப்பிப் பார்த்தான். பொட்டு ஈரமில்லை.

எழுந்து போய்விடுவான். இனி என்ன இருக்கிறது? நான் குழாயைச் சுருட்டத் தொடங்கினேன்.

அவன் கால்களை மறுபடியும் கட்டில்மேல் தூக்கிக்கொண்டான்.

"இன்னும் சொதசொதன்னு இருக்கு" என்று சமையலறைப் பக்கம் சத்தமாகச் சொல்லிவிட்டு, கட்டிலில் இன்னொருவர் உட்கார இடம் விட்டு நகர்ந்துகொண்டான்.