வெறுங்கை

"கொதிக்கிற ரேடியேட்டர் மூடியை வெறுங்கையால திறப்பேன். எனக்குச் சுடவே சுடாது!"

நாமக்கல் லாரி டிரைவர் கருப்பண்ணன் இப்படி அளந்துவிட்டால், பட்டறையே குலுங்கிச் சிரிக்கும். மனைவி பழனியம்மாள் மட்டும், "ஏனுங்க, புளுகறதுக்கும் ஒரு அளவு வேணாமுங்களா?" என்பாள்.

அவர் கையில் வெளிறிய தேமல் ஒன்று படர்ந்திருந்தது. ஊரிலுள்ள களிம்பையெல்லாம் பூசித் தீர்த்தாயிற்று. பழனியம்மாள்தான் விடாப்பிடியாக இந்தத் தனியார் தோல் டாக்டரிடம் இழுத்து வந்தாள். ஐந்து நிமிஷத்தில் இன்னொரு களிம்போடு கிளம்பிவிடலாம் என்பது அவர் நினைப்பு.

டாக்டரம்மா கண்ணை மூடச் சொன்னார். "உங்க கையைப் பஞ்சால தொடுவேன். தெரிஞ்சதும் சொல்லுங்க."

"தொடுங்க, சொல்றேன்."

"தொட்டுக்கிட்டேதான் இருக்கேன்."

கருப்பண்ணன் சிரித்தார். "லாரிக்காரன் கைங்க இது. ரேடியேட்டர் மூடியே சுடாதுங்க!"

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "அது நிஜம்னா நரம்பு ரொம்பவே கெட்டிருக்கு. தொழுநோய் மாதிரி தெரியுது. மாத்திரையில நோய் குணமாகும். ஆனா போன உணர்ச்சி திரும்பறது கஷ்டம். இனிமே லாரி வேலை வேண்டாம்."

"அய்யோ, சும்மா அளந்தேனுங்க! புளுகுன்னு சொல்லு புள்ள!"

கல்யாணமான இருபது வருஷத்தில் முதல் தடவையாக, மனைவி தன்னை நம்பக் கூடாதென்று அவர் தவித்தார்.

பழனியம்மாள் தலை நிமிரவில்லை.

"நெசந்தானுங்க டாக்டரம்மா. போன மாசம் நானே பார்த்தேன். உள்ளங்கைத் தோலு மூடியோட ஒட்டிக்கிட்டு வந்துருச்சு. அதுகூடத் தெரியாம இவரு பாட்டுப் பாடிட்டு இருந்தாருங்க."