ஒற்றைத் தவில்

குழந்தைக்குப் பால் புட்டி எடுத்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு அவள் மேடையிலிருந்து இறங்கினாள்.

"தாலி கட்டுற நேரத்துல எங்க அண்ணி போறீங்க?" என்றாள் நாத்தனார்.

நாத்தனார் இடுப்பில் குழந்தை வீரிட்டு அழுதுகொண்டிருந்தது. அதனால் தடுக்கவில்லை.

மூத்த மகள் பொற்கொடியின் குழந்தை. அதைப் பெற்ற கையோடு பொற்கொடி போய்ச் சேர்ந்துவிட்டாள்.

பொற்கொடிக்குக் கல்யாணம் நடந்த அதே மண்டபத்தில், இன்று அதே மாப்பிள்ளைக்குத் தங்கை தமயந்தி கழுத்தை நீட்டுகிறாள். பிள்ளைக்கு வேறு நாதி ஏது என்று பெரியவர்கள் பேசி முடித்தார்கள். தமயந்தி சரி என்றாள். மறுபடி ஒரு தடவை அவளை யாரும் கேட்கவில்லை.

மேளமும் அதே மேளம்தான். காலையில் தவில்காரர் விரல்களில் கூடு மாட்டிக்கொண்டே, "பெரிய பாப்பா வந்துட்டாங்களாம்மா?" என்று விசாரித்தார். அவருக்கு விஷயம் தெரியாது. யாரோ அவரைத் தனியே அழைத்துப் போய்ச் சொன்னார்கள்.

இன்னிக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடக்கூடாது என்று ஆளாளுக்கு அவளிடம் சொல்லியிருந்தார்கள்.

அவளும் விடவில்லை.

மணமகள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். மேளக்காரர்கள் உட்கார்ந்திருந்தது அந்தக் கதவை ஒட்டித்தான்.

"கெட்டிமேளம்! கெட்டிமேளம்!"

நாதஸ்வரம் உச்சத்துக்கு ஏறியது. தவில்கள் இடித்தன.

தாலி ஏறும்போது அழுகையோ தும்மலோ யார் காதிலும் விழக்கூடாது என்பதற்காக வாசிக்கிற மேளம்.

அதற்காகத்தான் அவள் காத்திருந்தாள்.

வாய்விட்டு அழுதாள். பொற்கொடி, பொற்கொடி என்று கத்தினாள். தன் குரல் தனக்கே கேட்கவில்லை.

நாதஸ்வரம் நின்றது.

அவளால் நிறுத்த முடியவில்லை. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். அதையும் மீறிக்கொண்டு வந்தது.

ஒரு தவில் மட்டும் நிற்கவில்லை.

வெளியே யாரோ சிரித்தார்கள். "அண்ணே, போதும்ணே. கட்டியாச்சு" என்று நாதஸ்வரக்காரர் சொல்வது கேட்டது.

தவில் இன்னும் ஓங்கியது. கல்யாணக் களையே இல்லாத அடி. வெறும் அடி. கதவில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தாள். மரத்தில் இறங்கிய அதிர்வு அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தது.

அழுகை கேவலாகி, கேவல் மூச்சாகி அடங்கியது.

அப்புறம்தான் தவில் அடங்கியது.

முகம் கழுவிக்கொண்டு, புட்டியோடு வெளியே வந்தாள். தவில்காரர் நிமிரவில்லை. துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மேடையில் தமயந்தியின் மடியில் குழந்தையை வைத்திருந்தார்கள். போட்டோக்காரர் சிரிக்கச் சொன்னார். தமயந்தி சிரித்தாள். இன்னும் கொஞ்சம் என்றார். இன்னும் கொஞ்சம் சிரித்தாள்.

அவள் புட்டியை நீட்டினாள்.

தமயந்தி வாங்கவில்லை. அவளுடைய சிவந்த கண்களையே பார்த்தாள். பிறகு அந்தக் கதவைப் பார்த்தாள். கதவோரம் எழுந்து நின்று, சாப்பிடப் போக வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டிருந்த தவில்காரரைப் பார்த்தாள்.

சிரிப்பு மாறாமலே, மெதுவாகச் சொன்னாள்.

"அம்மா, அவர இன்னொரு தடவ வாசிக்கச் சொல்றியா?"