பதினோரு குழிகள்

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. ராஜா கதை அலுத்துவிட்டது. இன்றைக்கு ஒரு தரையின் கதை.

சிமென்ட் சில்லு நிறைந்த சட்டியை இறக்கிவிட்டு, சித்தாள் தையல்நாயகி குனிந்து பார்த்தாள்.

அடியில் பழைய கருங்கல் தரை. பின்கட்டுச் சுவரோரமாக, கல்லிலேயே குடைந்த பதினோரு குழிகள்.

ஒரே வரிசை.

சத்திரத்தை ஓட்டலாக மாற்றிக்கொண்டிருந்தார் முதலாளி. அவருடைய தாத்தா கட்டிய சத்திரம். ‘சாதி பாராமல் சோறிட்ட இடம்’ என்று வாசலில் பதிக்கக் கல்வெட்டு தயார். தரையைத் தோண்டும் முன்பே வரலாற்றைச் செதுக்கி வைத்துக்கொள்கிற மனிதர்கள் இருக்கிறார்களே, அந்த வகை.

ஓடி வந்து பார்த்தார்.

“பல்லாங்குழி! வழிப்போக்கனுக்குச் சோறு மட்டுமில்லய்யா, வெளையாட்டும் குடுத்திருக்காரு எங்க தாத்தா!”

“கரெக்ட் சார்” என்றார் இன்ஜினியர். உச்சி வெயிலில் மழை என்று முதலாளி சொன்னாலும் குடை விரிக்கிற ஆள்.

மேலே கண்ணாடி, உள்ளே விளக்கு, பக்கத்தில் ஒரு கிண்ணம் புளியங்கொட்டை. எல்லாம் அங்கேயே முடிவாயிற்று. படம் பிடிக்கத் தோதாக முதலாளி குந்தி உட்கார்ந்து, மூன்றாவது குழியில் கையை வைத்துக்கொண்டார்.

“பல்லாங்குழிக்கு ரெண்டு வரிசை வேணுமே, மொதலாளி” என்றாள் அவள்.

“ஒன்னையக் கேட்டாங்களா, தையல்நாயகி? போ, சட்டியத் தூக்கு.”

அந்தத் தாத்தா காலத்தில், வயலில் அறுத்துவிட்டு வந்த சேரி ஆட்களை இந்தப் பின்கட்டோடுதான் நிறுத்தினார்கள். தட்டு கிடையாது. அவர்கள் தொட்ட தட்டை யார் தொடுவது? குழியில் இலையைப் போட்டுக் கஞ்சி ஊற்றுவார்கள். குனிந்து அள்ளிக் குடிக்க வேண்டும்.

அவளுடைய அப்பாவுக்கு மூன்றாவது குழி. சாகிறவரை அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

வாயைத் திறந்தால் வேலை போய்விடும். திறக்காவிட்டால், அந்தக் குழியில் நாளைக்கு யார் யாரோ புளியங்கொட்டை போட்டுச் சிரிப்பார்கள்.

அவள் சட்டியைத் தூக்கவில்லை.

கொல்லை வாழையில் ஒரு துண்டு இலை கிழித்து வந்தாள்.

“கைய எடுங்க.”

எடுத்தார். ஏன் எடுத்தார் என்று அவருக்கே தெரியாது.

இலையைக் குழிக்குள் அமுக்கினாள். அளவெடுத்ததுபோல் உட்கார்ந்தது. தூக்குவாளியைத் திறந்து, தன் மத்தியானக் கஞ்சியை அதில் ஊற்றினாள்.

“இதுக்குத்தான் கொடைஞ்சாரு ஒங்க தாத்தா. எங்கப்பா குடிச்ச குழி. குந்தித்தான இருக்கீங்க, குடிச்சுப் பாருங்க.”

சுத்தியலைக் கீழே போட்டுவிட்டு வேலையாட்கள் கிட்ட வந்தார்கள்.

முதலாளி எழப் பார்த்தார். பருத்த உடம்பு. முட்டி ஒத்துழைக்கவில்லை. ஒரு கையை மேலே நீட்டினார்.

சுற்றிலும் எட்டுப் பேர் நின்றிருந்தார்கள். ஒருவரும் கை கொடுக்கவில்லை.

இன்ஜினியர்கூட விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உங்கள் வீட்டு உலை என்றைக்கும் கொதிக்கட்டும், கண்ணுகளா. அங்கே பசித்து வருகிறவர் எவரும் நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிடட்டும்.