எழுதாத அத்தியாயம்

“கிளாசிக் என்றால் என்ன?” மைக்கைப் பிடித்தபடி கேட்டார் பேராசிரியர் ரகுநாத். “எதை எழுதாமல் விடுவது என்று தெரிந்து எழுதியது! ஒரு பக்கத்தில் மகன் சிங்கப்பூருக்குக் கிளம்புகிறான். அடுத்த பக்கத்தில் தாயின் படத்துக்கு மாலை. அவள் எப்படிச் செத்தாள் என்று ஒரு வரி இல்லை. இந்த மௌனத்துக்காகவே பரிமளா டீச்சரின் நாவல் காலத்துக்கும் நிற்கும்!”

புதுக்கோட்டை அரங்கில் கைதட்டல் அடங்கவே இல்லை. மேடையில் பரிமளா தலையைக் குனிந்துகொண்டார்.

“பாருங்கள், என்ன அடக்கம்!” என்றார் ரகுநாத்.

முன்வரிசையில் பதிப்பாளர் நாச்சியப்பனுக்கு மட்டும் வியர்த்துக் கொட்டியது.

விழா முடிந்து கீரனூர் பஸ்ஸுக்குக் கிளம்பிய பரிமளாவை அவர் வாசலில் மறித்தார்.

“டீச்சர், இனியும் மறைச்சா எனக்குச் சோறு எறங்காது. அது மௌனமும் இல்ல, ஒண்ணும் இல்ல. நீங்க எழுதுன சாவு அத்தியாயத்த எங்க ஆளுங்க டைப் அடிக்கும்போதே விட்டுட்டாங்க. நான் கவனிக்கிறதுக்குள்ள பத்திரிகையில ஆகா ஓகோன்னு எழுதிட்டாங்க. நானும் வாய மூடிக்கிட்டேன். கையெழுத்துப் பிரதி ஒங்ககிட்டதான இருக்கு? குடுங்க, அடுத்த பதிப்புல சேத்துடுறேன்.”

பரிமளா குனிந்த தலை நிமிராமலே சொன்னார்.

“நீங்க அனுப்புன புத்தகத்தப் பிரிச்சதுமே பாத்துட்டேண்ணே. சண்ட போடத்தான் கெளம்புனேன். பஸ் ஸ்டாண்டுல பத்திரிகைய வாங்குனா, அந்தப் பாராட்டு.”

“அப்ப கையெழுத்துப் பிரதி?”

“எங்க ஆத்தா செத்தத அப்படியே எழுதியிருந்தேன். வீட்டுக்குத் திரும்பிப் போயி, என் கையாலேயே வெந்நீர் அடுப்புல போட்டுட்டேன்.”