ஐந்தாவது பூட்டு

"வெட்டிடலாம்" என்று முதலில் சொன்னது யார் என்று எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. எங்கள் ஹெட் என்று ஒரு நாள் தோன்றும். நானே சொல்லியிருப்பேனோ என்று இன்னொரு நாள் தோன்றும்.

பூட்டு தொங்கியது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

நாங்கள் நால்வரும் தொழிற்கல்வி ஆசிரியர்கள். ஹெட், டிராயிங் மேடம், வெல்டிங் சார், நான். கையால் செய்யவைத்துப் பாடம் நடத்துவது எப்படி என்று பழகிக்கொண்டு வர, ஒரு பட்டறைக்கு எங்களை அனுப்பியிருந்தார்கள்.

பயிற்சி கொடுத்தவர் அதிகம் பேசாதவர். அவரிடம் ஒன்றைக் கேட்டுவிட்டு, போய்த் தேநீர் குடித்துவிட்டு வந்தால் பதில் சொல்வார். வெல்டிங் சார் அவருக்கு 'சைலன்சர்' என்று பேர் வைத்திருந்தார்.

அன்றைய பாடம் பூட்டு.

ஓர் அறை அளவுக்குப் பெரிய சிமெண்ட் கலவை உருளை. அதன் வாய் சுவர்ப்பக்கம். மெயின் ஸ்விட்ச் இந்தப் பக்கம். ஸ்விட்சுக்கு முன்னால் நிற்பவருக்கு உள்ளே ஆள் இருப்பது தெரியாது. அதனால் உள்ளே போகிற ஒவ்வொருவரும் ஸ்விட்சில் தன் பூட்டைப் போட்டுவிட்டுப் போக வேண்டும். சாவி அவரவரிடம். வெளியே வந்ததும் அவரவர் பூட்டை அவரவரே திறந்து எடுக்க வேண்டும். ஒரே ஒரு பூட்டு மிச்சமிருந்தாலும் ஸ்விட்ச் மேலே ஏறாது.

"இது பூட்டு இல்ல. ஒரு ஆள்னு நெனச்சுக்கங்க" என்றார் சைலன்சர். அன்று அவர் பேசியதிலேயே நீளமான பேச்சு.

பூட்டிவிட்டு உள்ளே போனோம். கலக்கும் தகடுகளைக் கழற்றி, திரும்ப மாட்டினோம். தேநீர் குடித்துவிட்டு வந்து பூட்டுகளை எடுத்து, உருளையை ஓட்டிக் காட்டினால் பயிற்சி முடிந்தது என்று சொல்லியிருந்தார்.

வந்தோம். நால்வரும் அவரவர் பூட்டை எடுத்தோம்.

ஐந்தாவதாக ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. சிவப்புப் பூட்டு. காலையிலேயே இருந்ததா என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.

"நம்மள்ல யாராவது உள்ள இருக்காங்களா?" என்றார் மேடம்.

ஹெட் விரலை நீட்டி எங்களை எண்ணினார், வகுப்பில் எண்ணுவதுபோலவே. தன்னையும் சேர்த்து நான்கு. எல்லோரும் ஆஜர்.

"போன பேட்ச் மறந்துட்டுப் போயிருக்கும் மேடம். மறதியில பசங்கள விட வாத்தியாருங்கதான் மோசம்" என்றார் வெல்டிங் சார்.

சிரித்தோம். பேருந்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. சைலன்சரைக் கூப்பிட்டுப் பார்த்தோம். பதில் இல்லை. அவரிடமிருந்து பதில் வராதது எங்களுக்குப் புதிதல்ல.

கம்பி வெட்டும் பெரிய கட்டர், ஸ்விட்சுக்குப் பக்கத்துச் சுவரில் கைக்கெட்டும் உயரத்தில் மாட்டியிருந்தது. அது ஏன் அங்கே இருக்கிறது என்று அப்போது யோசிக்கத் தோன்றவில்லை.

யாரோ "வெட்டிடலாம்" என்றார்கள்.

வெல்டிங் சார் வெட்டினார். ஹெட் ஸ்விட்சை மேலே தூக்கினார். மேடம் பச்சைப் பொத்தானை அழுத்தினார்.

ஒன்றும் நடக்கவில்லை.

மேடம் இன்னொரு முறை அழுத்தினார்.

உருளைக்குள்ளிருந்து தட்டும் சத்தம் கேட்டது. மெதுவாக, யார் வீட்டுக் கதவையோ தட்டுவதுபோல.

மேடத்தின் விரல் பொத்தான் மேலேயே இருந்தது. அதை எடுக்க வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. ஹெட்டின் உதடுகள் திரும்பவும் எண்ணிக்கொண்டிருந்தன. பாடம் நடத்துகிறவரை எண்ணி எங்களில் யாருக்கும் பழக்கம் இல்லை.

சைலன்சர் உருளையின் வாய்வழியாக ஊர்ந்து வெளியே வந்தார். தலையெல்லாம் சிமெண்ட் தூசி. மெயினிலிருந்து கழற்றி வைத்திருந்த மூன்று ஃபியூஸ்களைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார்.

"எல்லா பேட்சும் வெட்டத்தான் செய்யுது" என்றார்.

மேசையின் இழுப்பறையைத் திறந்தார். உள்ளே முழுக்க வெட்டுப்பட்ட சிவப்புப் பூட்டுகள். எங்களுடையதையும் அவற்றின் மேல் போட்டார்.

மூலையில் ஒன்று மட்டும் பித்தளைப் பூட்டு. அதுவும் வெட்டுப்பட்டிருந்தது. அடையாளத்துக்காக அதன்மேல் யாரோ நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்திருந்தார்கள்.

"இது யாரோடது சார்?"

வழக்கம்போல் பதில் வர நேரமாயிற்று.

"என் வீட்டுக்காரியோடது. ரெண்டு பேருக்கும் ஒரே ஷிப்ட். அன்னிக்கு அவ உள்ள, நான் வெளிய."

ஹெட் நாற்காலியைத் தேடிப்பிடித்து உட்கார்ந்தார். மேடம் கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டார்.

"வெட்டச் சொன்னது யாரு சார்?"

சைலன்சர் அந்த ஒரு கேள்விக்குத்தான் யோசிக்கவே இல்லை.

"எனக்கு நல்லா ஞாபகம் இருக்கும்மா" என்றார். பிறகு இழுப்பறையைத் தள்ளி மூடினார்.

ஹெட் இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். மேடம் வேலையை விட்டுவிட்டு வீட்டிலிருந்து படம் வரைந்து கொடுக்கிறார். லிஃப்டில் ஏறினால் பொத்தானை வேறு யாராவது அழுத்த வேண்டும். வெல்டிங் சார் இதே பாடத்தைத் தன் மாணவர்களுக்கு நடத்துகிறார். அவர்களும் வெட்டுகிறார்கள். நான் வருகை எடுக்கும்போது முதலில் என்னை எண்ணிக்கொள்கிறேன், பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

சைலன்சர் இன்னமும் ஒவ்வொரு பேட்சுக்கும் பூட்டுப் போட்டுவிட்டு உள்ளே போய்ப் படுக்கிறார். ஒவ்வொரு முறையும் ஃபியூஸ்களைக் கழற்றிக்கொண்டுதான் போகிறாரா என்று நாங்கள் யாரும் விசாரித்ததில்லை.