அதே கப்பல்

தங்கராஜு பொய் சொன்னான். அதுவும் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் முன்னால், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

வாத்தியார் சபாபதிக்குக் காது சுட்டது. ஒரு மாத உழைப்பை இந்தப் பயல் ஒரே வார்த்தையில் கெடுத்துவிட்டானே!

மலாயாவில், பொந்தியான் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றின் பள்ளிக்கூடம் அது. பிள்ளைகள் புத்தகத்தைத் தலையாட்டிக்கொண்டே ஒப்பிப்பதைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன சபாபதி, இந்த மாதம் புதிதாக ஒன்று செய்யலாம் என்று முடிவுசெய்திருந்தார்.

"இந்த மாசம் புத்தகத்தை மூடி வைங்க. ஒரே ஒரு கேள்விதான் பாடம். நம்ம குடும்பம் இந்தத் தோட்டத்துக்கு எப்படி வந்துச்சு? நீங்களே விசாரிச்சுக் கண்டுபிடிக்கணும்."

முதலில் வீட்டில் கேட்க வேண்டும். பிறகு லயத்து வரிசை வீடுகளில் மற்றவர்களைக் கேட்க வேண்டும். அதன்பின் வகுப்பில் சொல்ல வேண்டும். கப்பல் வந்த வழியைத் தரையில் சுண்ணாம்புக்கட்டியால் வரைந்தால் பூகோளம். எத்தனை நாள் கடலில் இருந்தார்கள் என்று கூட்டினால் கணக்கு. எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தார். சட்டம் ஒன்றே ஒன்று.

"வீட்டுல சொன்னதை அப்படியே கொண்டாந்து ஒப்பிக்கக் கூடாது. இன்னும் ரெண்டு பேரைக் கேட்டுச் சரிபாக்கணும்."

அந்தச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டவன் தங்கராஜுதான். மணியத்தின் தாத்தா கப்பலை ஓட்டினார் என்ற கதையை விசாரித்து, அவர் வழியெல்லாம் வாந்தி எடுத்துக்கொண்டு படுத்தே வந்தார் என்று கண்டுபிடித்ததும் அவனே.

இன்றைக்கு இன்ஸ்பெக்டர் கனகசபை வந்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். பால்மரம் சீவி வேலை முடித்த பெற்றோர்களும் வெளியே வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அங்கம்மாவின் முறை வந்தது. தாயும் மகளுமாக லயத்தில் தனியாக இருக்கிறவர்கள்.

"அப்பாவும் அம்மாவும் நாகப்பட்டினத்துல கப்பல் ஏறினாங்க. அம்மா வயித்துல நான் இருந்தேன். வழியில அப்பாவுக்குக் காய்ச்சல் கண்டு செத்துட்டாரு. கடல்லயே விட்டுட்டாங்க."

இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பாவம். இதை வேறை ஆரிட்டையாவது விசாரிச்சனியோ, பிள்ளை? அதுதானே உங்கடை சட்டம்?"

அங்கம்மா வெளியே நின்றவர்கள் பக்கம் பார்த்தாள்.

அப்போதுதான் தங்கராஜு எழுந்தான்.

"நான் விசாரிச்சேன் சார். எங்கப்பாவும் அதே கப்பல்ல வந்தவருதான். கண்ணால பாத்திருக்காரு. அவரும் ஒரு கை பிடிச்சுத்தான் ஒடம்பைக் கடல்ல இறக்கினாங்களாம்."

"மெத்த நல்லது!" என்றார் இன்ஸ்பெக்டர். "நல்லாப் பழக்கியிருக்கிறீர் மாஸ்டர்."

சபாபதி தலையைக் குனிந்துகொண்டார். தங்கராஜுவின் அப்பா காளியப்பன் இந்த நாட்டிலேயே, மூவார் பக்கத்துக் காப்பித் தோட்டத்தில் பிறந்தவர். நாகப்பட்டினம் எந்தத் திசை என்றுகூட அவருக்குத் தெரியாது.

இன்ஸ்பெக்டரின் கார் செம்மண் பாதையில் மறைந்ததும் சபாபதி ரோத்தான் பிரம்பைக் கையில் எடுத்தார்.

"தங்கராஜு, நீ மட்டும் இரு. மத்தவங்க போங்க."

பிள்ளைகள் கலைந்தார்கள்.

"ஏண்டா பொய் சொன்னே? ஒரு மாசமா இதுக்குத்தானா உன்னை விசாரிக்கச் சொன்னேன்?"

"விசாரிச்சேன் சார்."

"விசாரிச்சு?"

தங்கராஜு வாசலை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"அங்கம்மா அப்பா கப்பல்ல சாகல சார். இந்தத் தோட்டத்துலதான் வேலை பாத்திருக்காரு. அவ கைக்கொழந்தையா இருந்தப்ப வேற ஒரு பொம்பளையோட பத்து பகாட் டவுனுக்குப் போயிட்டாராம். இன்னும் அங்கதான் இருக்காராம். பெரியவங்களுக்கெல்லாம் தெரியும். அவகிட்ட மட்டும் யாரும் சொல்லல. இன்னைக்கு நான் எந்திரிக்கலன்னா இன்ஸ்பெக்டர் வெளியில நின்னவங்களைக் கேட்டிருப்பாரு சார்."

சபாபதியின் கை தானாகத் தாழ்ந்தது. யாரை, எப்படி, எப்போது கேட்பது என்றெல்லாம் திட்டம் போட்டவர், எதைக் கேட்காமல் விட வேண்டும் என்று ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

"போடா" என்றார். "வீட்டுக்குப் போ."

அவன் ஓடிய பிறகு, வாசலில் நிழலாடியது. அங்கம்மா.

"அவனை அடிச்சீங்களா சார்?"

"இல்லம்மா. எதுக்கு அடிக்கணும்?"

"எனக்காகத்தான் பொய் சொன்னான், அதான். அவங்கப்பா கப்பல்ல வந்தவரில்லையே."

சபாபதி அவளைக் கூர்ந்து பார்த்தார். அவள் காலால் தரையைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்:

"நீங்க சொன்ன மாதிரியே நானும் ரெண்டு பேரைக் கேட்டேன் சார். அப்பா பத்து பகாட்ல இருக்காரு."

உட்காரலாம் என்று நாற்காலியைப் பிடித்த சபாபதி, பிடித்தபடியே நின்றார்.

"தெரிஞ்சுமா... அப்புறம் ஏம்மா இன்ஸ்பெக்டர்கிட்ட அப்படிச் சொன்னே?"

"அம்மா வெளியில நின்னு கேட்டுக்கிட்டு இருந்தாங்களே சார். நான் அதை நம்புறேன்னு நெனச்சுத்தான் அவங்க நிம்மதியா இருக்காங்க."